சீலிங்கைத் தட்டிப் பாருங்கள்

வீட்டுக்கு பெயின்ட் அடித்தால் பத்து பேர் பார்த்து, "பிரமாதம்!" என்பார்கள். டைல்ஸ் மாற்றினால், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே "சதுர அடி என்ன விலை?" என்று விசாரிப்பார்கள். மாடுலர் கிச்சன் போட்டால் சொந்தத்தில் இரண்டு பேருக்காவது தூக்கம் போய்விடும். "மொட்டை மாடியில் தண்ணி இறங்காம இருக்க தட்டோடு பதிச்சேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "ஓ, அப்படியா?" என்றுவிட்டு காபியைக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பி.காம். முதல் வருடத்திலேயே எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. மூலதனச் செலவு என்றால் என்ன, வருவாய்ச் செலவு என்றால் என்ன? புதிதாக ஒரு ரூம் கட்டினால் முதல் வகை. அது சொத்து, பேலன்ஸ் ஷீட்டில் ஏறி உட்காரும். ஒழுகுகிற கூரையை அடைத்தால் இரண்டாவது வகை. அந்த வருடத்தோடு போயே போச்சு. மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டோம். வாழ்க்கையிலும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். ரிப்பேர் என்றால் தண்டச் செலவு, புதுசு என்றால் சொத்து!

மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு நண்பருடன் தேர்வாய் கண்டிகைக்குப் போயிருந்தேன். பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இருக்கிற ஊர். இரண்டு விஷயங்களுக்காகப் பேப்பரில் அடிபட்டது. ஒன்று, சிப்காட் தொழில் பூங்கா. மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடிய இடம். 2009ல் பிரெஞ்சு டயர் கம்பெனியான மிஷ்லின் ஒப்பந்தம் போட்டு இங்கே தொழிற்சாலை கட்டியது. இன்னொன்று, கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 500 மில்லியன் கனஅடி. 2020 நவம்பரில் திறந்தார்கள். குழாயைத் திறக்கிற சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

நண்பருக்கு ஊரில் அப்பா 1994ல் கட்டிய வீடு இருக்கிறது. முன்னால் ஒரு போர்ஷன், பின்னால் ஒரு போர்ஷன். அப்பா இல்லை. பின் போர்ஷனில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 78. சென்னைக்கு வரமாட்டேன் என்கிற பிடிவாதம்.

நண்பரின் பையனுக்கு ஒரு யோசனை. முன் போர்ஷனை நன்றாகச் செய்துவிட்டால் கம்பெனிக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம். நியாயமான யோசனைதான். இன்டீரியர் ஆள் ஒருவரை அழைத்து வந்து கொட்டேஷனும் வாங்கிவிட்டான். தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், கிச்சனில் கபோர்டு, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் ஃபால்ஸ் சீலிங். மொத்தம் மூன்றரை லட்சம். நான் கணக்குப் படித்தவன் என்பதால் கொட்டேஷனைப் பார்க்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே பார்த்தேன். ஹால் சீலிங்கில் காபிக் கறை மாதிரி பழுப்பாக ஒரு வட்டம். அதன் குறுக்கே நேர்கோடாக ஒரு விரிசல். "ஃபால்ஸ் சீலிங் போட்டா அது தெரியாது அங்கிள்" என்றான் பையன். ஃபால்ஸ் சீலிங் ஏன் போடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது!

பின் போர்ஷனுக்குப் போனோம். அம்மாவின் கட்டில் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி, வழியை அடைத்தபடி கோணலாகக் கிடந்தது. கேட்டதற்கு, "அங்க மேலருந்து மண்ணு கொட்டுதுப்பா. ரெண்டு வருஷமா கொட்டுது. காலையில பெருக்கித் தள்ளிருவேன்" என்றார். இரண்டு வருடமாகப் பையனிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவார்களாம்.

உள்ளூர் மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் எதுவும் பேசாமல் ஸ்டூல் மேல் ஏறி, சின்ன சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். திடீரென்று பொத், பொத். மறுபடி ணங். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். கட்டில் முன்பு இருந்த இடத்துக்கு மேலே வந்ததும் லேசாக ஒரு தட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை கழன்று தரையில் விழுந்தது. உள்ளே கம்பி. கம்பியா அது? கருஞ்சிவப்பாகத் தோல் உரிந்து, அடுக்கடுக்காகச் செதில் விட்டிருந்தது.

"கம்பி ஊதிருச்சு சார். இனிமே பூச்சு நிக்காது" என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னதுதான் இதில் மொத்த விஞ்ஞானமும். சிமென்ட் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கிறவரை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, துருவிலிருந்து அதைக் காப்பாற்றும். வருடங்கள் போகப் போக காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து அந்தக் காரத்தைக் குறைக்கும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு மேலேயிருந்து மழைத் தண்ணீரும் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு சும்மா இருக்காது. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் ஏது இடம்? வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. விரிசல் ஏன் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது என்றால், கம்பி அப்படித்தான் ஓடுகிறது.

அந்தக் காலத்து வீடுகளில் இன்னொரு சங்கடம். எழுபது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கட்டியவற்றில் பெரும்பாலும் முறுக்குக் கம்பி. குளிர்ந்த நிலையில் முறுக்கி வலுவேற்றியது. முறுக்கின் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுவதால் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பார்கள். பிறகுதான் டி.எம்.டி. வந்தது. செக்கச் செவேலென்று உருளைகளுக்கு இடையிலிருந்து வெளியே வரும் கம்பி மேல் சட்டென்று தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். வெளித்தோல் கெட்டியாகிவிடும், உள்ளே இளக்கமாக இருக்கும். வளைத்தாலும் ஒடியாது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்தக் கம்பி போடும் ஆலைகள் நிறைய. பலவற்றில் மூலப்பொருளே பழைய இரும்புதான். எங்கேயோ இடித்த வீட்டின் துருப்பிடித்த கம்பி இங்கே உருகி, புதுக் கம்பியாக இன்னொரு வீட்டுக்குப் போகிறது. மறுபிறவி!

ஆனால் டி.எம்.டி.யும் துருப்பிடிக்கும். விளம்பரத்தில் யானையே ஏறி நின்றாலும் சரி. கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது வீட்டுத் தளத்துக்கான பொதுவான கணக்கு. அதற்காகத்தான் சென்ட்ரிங் பலகை மேல் கவர் பிளாக் வைக்கிறார்கள். நண்பர் வீட்டில் சில இடங்களில் கம்பிக்குக் கீழே இருந்தது வெறும் பூச்சுதான். 1994ல் யாரோ ஒருவர் ஒரு வேளை சாப்பாட்டு நேரத்தில் விட்ட கவர் பிளாக், முப்பது வருடம் கழித்து ஒரு பாட்டியின் கட்டிலை நகர்த்தியிருக்கிறது.

"இதுக்கெல்லாம் வீடு விழுந்துடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் விழாது. ஆனால் திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிராமத் தெரு பகுதியில் அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 1993ல் கட்டியது. விரிசல் பெரிதாவதைப் பார்த்துவிட்டு ஆட்கள் அவசர அவசரமாக வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். அங்கே விழுந்ததற்கும் நண்பர் வீட்டு சீலிங் உதிர்வதற்கும் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. விரிசலைப் பார்த்தார்கள், பிழைத்தார்கள். அதைப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற விரிசலை யார் பார்ப்பது?

சரி, என்ன செய்யலாம்? நம் ஆட்களின் வழக்கமான வைத்தியம், உதிர்ந்த இடத்தில் சாந்தை அப்பி பெயின்ட் அடிப்பது. மேஸ்திரி இதற்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார். "அது பவுடர் போடுறது சார்." அடுத்த மழைக்கே உரிந்துவிடும். வேலை மேலேயிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடியில் பெயர்ந்த தட்டோடுகளையும் பழைய சுண்ணாம்பு ஜல்லித் தளத்தையும் எடுத்துவிட்டு, கான்கிரீட்டின் விரிசல்களை அடைத்து, தண்ணீர் இறங்காத பூச்சு கொடுத்து, தண்ணீர் தேங்காமல் குழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்து, மறுபடி ஓடு பதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இப்போது வாளியில் வருகிறது. பரவாயில்லை, ஒழுங்காகப் பூசினால் சரி.

மேலே அடைத்த பிறகு கீழே. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு உளியை எடுக்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிறகு, 'பொத்' சத்தம் வந்த இடத்தையெல்லாம் கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்திலேயே புதுக் கம்பி கட்ட வேண்டும். எவ்வளவு மெலிந்தால் கட்டுவது என்பதை மேஸ்திரி சொல்லக்கூடாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் சொல்ல வேண்டும். பீமிலோ தூணிலோ இதே மாதிரி விரிசல் என்றால் அவர் இல்லாமல் சுத்தியலையே தூக்காதீர்கள். அவர் வந்து பார்க்க வாங்குகிற தொகை உங்கள் கிச்சன் கைப்பிடிகளின் விலைக்குள் அடங்கிவிடும். கைப்பிடி வாங்கும்போது நாம் பேரம் பேசுவதில்லை; இன்ஜினீயரிடம் பேசுவோம்.

வரிச் சட்டத்துக்கும் ரிப்பேர் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். குடியிருக்கிற சொந்த வீட்டை வாங்கவோ கட்டவோ கடன் எடுத்தால், பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். அதே வீட்டை ரிப்பேர் பார்க்கக் கடன் வாங்கினால் 30,000தான். வாடகைக்கு விட்டிருந்தால் சங்கதி வேறு. வீட்டு வரி போக மிச்ச வாடகையில் 30 சதவிகிதத்தை அப்படியே கழித்துவிடுவார்கள். ரிப்பேர் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா என்று கேட்பதில்லை. பல ஹவுஸ் ஓனர்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத் தெரியும்! அரசாங்கத்தை முழுக்கவும் குறை சொல்ல முடியாது. 2024ல் தமிழக அரசு, 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கிராமங்களில் கட்டப்பட்ட இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. ரிப்பேருக்கு வாங்கும் மூட்டைக்கும் அது உண்டு.

நண்பர் வீட்டில் அன்று மாலை பஞ்சாயத்து. பையன் விடுவதாக இல்லை. "மொட்டை மாடியைப் பார்த்தா அங்கிள் வாடகைக்கு வருவாங்க? ஹாலைப் பார்த்துதான் வருவாங்க" என்றான். அதில் தப்பே இல்லை. வியாபாரம் படித்த நானும் அதைத்தான் சொல்வேன். நண்பர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அம்மாவின் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டார். கொட்டேஷனில் ஃபால்ஸ் சீலிங்கையும் கபோர்டையும் பேனாவால் அடித்தார். டைல்ஸ் மட்டும், அதுவும் மாடி வேலை முடிந்த பிறகு. பையன் இரண்டு நாள் பேசவில்லை என்று கேள்வி.

போன வாரம் போனில் பேசினேன். மாடி வேலை முடிந்து, களிமண்ணால் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்திப் பார்த்தார்களாம். இரண்டு நாளாவது நிறுத்திப் பார்ப்பது நல்லது; நண்பர் சந்தேகப் பிராணி, மூன்று நாள் நிறுத்தினார். கீழே ஒரு சொட்டு இல்லை. கொத்தி எடுத்த கம்பித் துண்டுகளைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு வாங்கிப் போனார். அம்மாவுக்கு மட்டும் ஒரு வருத்தம். "மூணு நாளு சும்மா தண்ணி நின்னுச்சே, கீரை வெதைச்சிருந்தா முளைச்சிருக்கும்" என்றாராம்.