நிற்கத் தெரிந்த வண்டி

அம்பாறை மாவட்டத்து விவசாயக் கிராமங்களில் 'எம்.டி. நைன்ரி' என்று சொன்னால் மேலதிக விளக்கம் தேவைப்படாது. ஜப்பானிய அஞ்சல் சேவைக்கென்று ஹொண்டா நிறுவனம் தயாரித்த சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் அது. 1958 இல் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் வம்சத்தைச் சேர்ந்தது. அந்த வம்சத்தின் மொத்த உற்பத்தி 2017 இல் பத்துக் கோடியைத் தொட்டது. அங்கே தபால்காரரோடு தெருத் தெருவாக அலைந்து களைத்த வண்டிகள், பாவித்த வண்டிகளாக இலங்கைக்கு வந்து இங்கே நெல் மூட்டையும் உரப்பையும் சுமந்தன. அவுஸ்திரேலியாவில் வாழும் வாசகர்கள் அந்நாட்டுத் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு நிற சீ.டி. 110 வண்டியை நினைவில் கொண்டால் போதும். அதன் நெருங்கிய உறவு இது. தமிழகத்து வாசகர்களுக்கு 1980 இல் வந்த டி.வி.எஸ். 50 எப்படியோ, எங்கள் ஊர் விவசாயிக்கு எம்.டி. 90 அப்படி.

வரிப்பத்தான்சேனையில் எங்கள் வாப்பாவிடமும் ஒன்று இருந்தது. வட்டைக்கும் வீட்டுக்கும் சந்தைக்குமாக அவர் அதை ஓட்டினார். பத்திரிகைத் தொழிலின் ஆரம்ப ஆண்டுகளில் நானும் அதில் கல்முனைக்குப் போய்த் தொலைநகல் மூலம் செய்தி அனுப்பியிருக்கிறேன். வாப்பா மௌத்தான பின்னர் அது வளவின் ஓரத்துக் கொட்டிலில், உரப்பைகளுக்குப் பின்னால், பல வருடங்கள் கிடந்தது. விற்கவும் மனம் வரவில்லை. திருத்தவும் தேவை எழவில்லை.

தேவையை 2022 ஆம் ஆண்டு கொண்டுவந்தது. அவ்வருடத் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாயானது. பின்னர் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால் பாவித்த வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஊரெங்கும் கொட்டில்களில் கிடந்த பழைய ஹொண்டாக்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகனின் பார்வையும் கொட்டிலின் பக்கம் திரும்பியது.

ஓடாமல் கிடந்த வண்டியின் நோய்களில் முதலாவது பெற்றோல் தாங்கியில் இருக்கிறது. பழைய பெற்றோல் ஆவியாகிப் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். தாங்கியின் உட்சுவரில் துரு படியும். தாங்கியைக் கழற்றி, வினாகிரி ஊற்றி, சில நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரால் புளிப்பை அகற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்தோம். (இத்தகைய தாங்கியில் ஓட்டை இருந்தால் அதை வெல்டிங் செய்ய எவரும் அவசரப்படக்கூடாது. வெறுமையாகத் தோன்றும் தாங்கிக்குள் எஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கும்.) இறுகிப்போன இறப்பர்க் குழாயை மாற்றி, இடையில் ஒரு சிறிய வடியையும் பொருத்தினோம்.

அடுத்தது காபரேட்டர். அதன் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவானது. அதில் ஒரு துகள் அடைத்தாலும் வண்டி மூச்சுத் திணறும். பிறகு தீப்பொறி. எங்களுடைய வண்டி பொயின்ட் வைத்த பழைய வகை. பொயின்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர், புளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7, குளிர்ந்த நிலையில் வால்வின் இடைவெளி 0.05. இவற்றைக் கண்ணால் அளக்க முடியாது, அளவுத் தகடு வேண்டும். ஒயிலையும் மாற்றினோம். இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஒயிலிலேயே நனைந்திருப்பதால், காருக்கான வழுவழுப்பு மிக்க ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயம் உண்டு. ஜாசோ எம்.ஏ. என்று குறிப்பிட்ட மோட்டார் சைக்கிள் ஒயிலே பொருத்தமானது.

இத்தனையும் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னர், ஏழாவது உதையில் அது உயிர்பெற்றது. வீட்டார் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மகன் உடனே கேட்டான்:

"வாப்பா, ஸ்டார்ட் ஆகிட்டுத்தானே. நாளைக்கு கெம்பஸுக்குக் கொண்டு போகட்டா?"

எங்களுக்கு உதவிய மெக்கானிக் என்னிலும் இளையவர். சிறு வயதிலிருந்தே இத்தொழிலில் இருப்பவர். அவர் மகனுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தே சொன்னார்:

"காக்கா, இஞ்சின் சத்தம் கேட்டா மனுசனுக்கு மத்ததெல்லாம் மறந்து போயிரும். இவ்வளவு நேரமும் இத ஓடத்தானே பழக்கின. இனி நிக்கப் பழக்குவம்."

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த வார்த்தைதான்.

நமது நாட்டில் ஒரு வண்டியை எப்படியாவது ஓடவைப்பது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோல் கிடைக்காத மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சில துளிப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். புளக்கில் கரி படியும். ஆயினும் நோயாளிகளும் பிரசவத் தாய்மாரும் அந்தப் புகை கக்கும் வண்டிகளில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கெட்டித்தனத்தைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. வாகனங்களும் எரிபொருளும் அரிதாக இருந்த அக்காலத்தில் ஓடுவதே பெரிய காரியமாக இருந்தது. 2022 இல் அந்தப் பழைய திறமைகள் மீண்டும் கைகொடுத்தன. ஆனால் தெரு மாறிவிட்டது. கரையோரப் பெருந்தெருவில் இன்று பேருந்தும் டிப்பரும் வானும் பறக்கின்றன. அவற்றினிடையே எம்.டி. 90 ஐ ஓட்டும் பிள்ளைக்கு 'ஓடுகிறது' என்ற ஒரு தகுதி மட்டும் போதாது.

ஆகவே சக்கரங்களைக் கழற்றினோம். பின் பிரேக் சூவில் உராயும் பட்டை, ஒட்டியிருந்த பசை காய்ந்து, ஓரத்தில் கிளம்பத் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மிதித்தால் வண்டி நிற்கவும் செய்யும். என்றாவது ஒரு நாள், பலமாக மிதிக்கும் நேரத்தில், அப்பட்டை முழுதாகக் கழன்று டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தையே இறுக்கியிருக்கும். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி எறிய வேண்டும். எங்கள் கராஜ்களில் பெரும்பாலும் ஊதித்தான் தள்ளுகிறார்கள்.

முன் பிரேக் கேபிளின் உறை நன்றாகவே இருந்தது. உள்ளே, பிடியோடு சேரும் முனையில், கம்பியிழைகள் பாதி அறுந்திருந்தன. எக்ஸலேட்டர் கேபிளையும் மாற்றினோம். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, எக்ஸலேட்டரை முறுக்கி விடுங்கள். அது தானாகவே, சட்டென்று, பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திருப்பியும் அவ்வாறே செய்யுங்கள். தயங்கித் திரும்பினால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

டயர்களில் பூ தேயவில்லை என்று மகன் வாதிட்டான். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களை அவனுக்குக் காட்டினேன். 2000 ஆம் ஆண்டு முதல் அந்த இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கின்றன. எங்கள் முன் டயரில் இருந்தது 1909; அதாவது 2009 ஆம் ஆண்டின் 19 ஆவது வாரம். அவன் பள்ளிக்கூடச் சிறுவனாக இருந்த காலத்தில் பிறந்த டயர் அது. விரலால் அழுத்தியபோது பூவுக்கு அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. அதற்குப் பிறகு அவன் வாதிடவில்லை.

செயினும் பல்சக்கரங்களும், ஹேண்டிலின் கழுத்துக் குண்டுகளும் மாற்றப்பட்டன. வெளிச்சம்தான் பெரிய தலையிடியாக இருந்தது. இந்த ஆறு வோல்ட் வண்டியில் முன்விளக்குக்கான மின்சாரம் என்ஜினின் சுழற்சியிலிருந்து நேரே வருகிறது. வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். அதாவது ஆபத்தைக் கண்டு மெதுவாகும் நேரத்தில்தான் பார்வை மங்கும். இரவில் மாடுகள் தெருவில் படுக்கும், யானைகள் தெருவைக் கடக்கும் மாவட்டம் இது. கறள் பிடித்த இணைப்புகளையெல்லாம் சுரண்டி, பழைய வயர்களை மாற்றி, பின்னால் ஒளிதெறிக்கும் பட்டியும் ஒட்டினோம். அப்படியும் எனக்குத் திருப்தி வராததால், மஃரிபுக்கு முன்னர் வீடு திரும்ப வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. தலைக்கவசம் பற்றிப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

எங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஒரு வசனத்தை வாசகர்கள் அறிவார்கள்: 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மின்கம்பத்தில் மோதியதில் இளைஞர் ஸ்தலத்திலேயே உயிரிழந்தார்.' பொலிஸார் சொல்வதும் அதுவே. அச்சில் வருவதும் அதுவே. அந்த அறுந்த கேபிளைக் கையில் வைத்துப் பார்த்தபோது இந்த வசனம்தான் மனதில் வந்தது. கட்டுப்பாட்டை இழந்தது இளைஞரா, பிரேக்கா? அந்த வசனம் அதைச் சொல்வதில்லை. மையித்து அடக்கப்பட்ட பின்னர் வண்டியை எவரும் கழற்றிப் பார்ப்பதுமில்லை. மோட்டார் சைக்கிளின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்கிறார்கள். புகை குறைவாக இருந்தால் போதும். பிரேக்கைப் பற்றி அங்கே கேள்வியில்லை. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம்தான்.

ஓடவைக்க எங்களுக்கு இரண்டு வாரம் எடுத்தது. நிற்கவைக்க ஏறக்குறைய இரண்டு மாதம். உதிரிப்பாகத்துக்காகக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அலைந்த செலவில் பெரும் பங்கு இரண்டாவது வேலைக்கே போனது. மகன் பொறுமையிழந்து சில நாட்கள் என்னோடு பேசாமலும் இருந்தான். பிறகு குளத்தருகே ஆளில்லாத தெருவில், சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்று திரும்பத் திரும்பச் சோதித்தோம். நனைந்த தெருவிலும் சோதித்தோம்.

 அந்தக் கியூஆர் முறை 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது. 2025 இல் வாகன இறக்குமதியும் மீண்டும் தொடங்கிவிட்டது. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் வந்துவிடவில்லை. பழைய வண்டிகள் இன்னும் நெடுங்காலம் நம் தெருக்களில் ஓடத்தான் போகின்றன. உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் விட்டுப்போன வண்டி ஒன்று கிடந்தால், அதைத் தாராளமாக எழுப்புங்கள். ஆனால் அதன் சாவியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன்னர், சக்கரங்கள் இரண்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அதற்கு ஒரு பகல் பொழுது போதும்.