பச்சை வயர்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பழனி அடிவாரத்தில் விடிகாலை மூன்று மணிக்கே வெந்நீர் கேட்டுக் குரல் எழும். நாள் கணக்காக நடந்து வந்து கால் வீங்கியவர்கள், மொட்டை போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு “ஒரு வாளி கிடைக்குமா சாமி?” என்று நிற்பவர்கள், சண்முக நதியில் முழுகிவிட்டு நடுங்கிக்கொண்டே வருபவர்கள் என்று எத்தனையோ பேர். பெரியப்பா அங்கே சின்ன விடுதி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். கொல்லையில் பெரிய பித்தளை பாய்லர் இருந்தது. நெய்க்காரப்பட்டித் தோப்புகளிலிருந்து தென்னமட்டையும் தேங்காய்த் தொட்டியும் வண்டியில் வந்து இறங்கும். பெரியம்மாவின் கண் எப்போதும் புகையில் சிவந்தே இருக்கும். அதைப் பார்த்துத்தான் பெரியப்பா ஒரு வருசம் கீசர் வாங்கினார்.

வயர்மேன் மாமா வந்தார். எங்களுக்கு உறவில்லை, தெருவே அவரை மாமா என்றுதான் அழைத்தது. அட்டைப் பெட்டியைப் பிரிக்கக்கூட விடவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், மெயின் போர்டைத் திறந்து பார்த்தார், அப்புறம்தான் பேசினார்.

“பொட்டி புதுசு, சரிங்க. உள்ள ஓடற வயர் லைட்டுக்குப் போட்டது. இதுல கீசரை மாட்டுனா வயர்தான் கொதிக்கும், தண்ணி இல்ல.”

கணக்கு எளிது. வாட்டை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று தெரிந்துவிடும். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும்; 3,000 வாட் என்றால் 13. விளக்குக்கும் விசிறிக்கும் ஓடும் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரும் 6 ஆம்பியர் பிளக்கும் இதற்கானவை அல்ல. கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். 2.5 ஸ்கொயர் செம்பு வயராவது வேண்டும்; தூரம் கூடினால், லோடு கூடினால் 4 ஸ்கொயர். அந்த லைனுக்கென்று தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பவர் பிளக், குளிக்கும் இடத்துக்கு வெளியே ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச். மாமா இத்தனையும் கேட்டார். பெரியப்பா முணுமுணுத்தாலும் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது கிணற்றடியில் அவர் தோண்டவைத்த குழி. ஓட்டை போட்ட ஜி.ஐ. குழாயை நட்டு, சுற்றிலும் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிக் கொட்டினார். அங்கிருந்து எர்த் கம்பி மெயின் போர்டுக்குப் போனது. போர்டிலிருந்து கீசர் வரைக்கும் பச்சை வயர். “கோடையில குழி காயக் கூடாதுங்க. அப்பப்ப ஒரு குடம் ஊத்துங்க” என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். துளசி மாடத்துக்கு ஊற்றும் கையோடு பெரியம்மா அதற்கும் ஊற்றுவார்.

சித்தப்பா மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே வீடுகளில் எலக்ட்ரிக் ஷவர் என்று ஒன்று உண்டு. தொட்டியில் தேக்காமல், ஓடும் தண்ணீரை அப்படியே சூடாக்கித் தலையில் கொட்டும். 1 கிலோவாட் சூடு நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 14 டிகிரி உயர்த்தும். நம் ஊர் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டரை அந்த அளவுக்குச் சூடாக்கும். பழனி மார்கழிக்கு அது போதும். லண்டன் குளிரில் குழாய்த் தண்ணீரே சில்லிட்டு வருவதால் 8.5, 10.5 கிலோவாட் என்று வாங்குகிறார்கள். 10.5 என்றால் 40 ஆம்பியருக்கு மேல். வயர் 10 ஸ்கொயர் வேண்டும். பழைய 8.5 கிலோவாட் ஷவருக்குப் பதில் அவன் பெரியது வாங்கி வைத்திருந்தான். வந்த எலக்ட்ரீஷியன் 6 ஸ்கொயர் வயரைப் பார்த்துவிட்டு, வயரை மாற்றாமல் ஷவரை மாட்ட மாட்டேன் என்று திரும்பிவிட்டாராம். அவன் அதைச் சொன்னபோது எனக்கு வயர்மேன் மாமாவின் குரல்தான் கேட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு மின்வேலையைக் கட்டடச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததே 2005இல்தான். மாமாவுக்கு அந்தக் கண்டிப்பு அதற்கு முன்பே இருந்தது.

நாங்கள் இப்போது இருக்கும் வீடு இன்னொருவர் கட்டி, நாங்கள் வாங்கியது. பழைய கீசர் ஒழுகத் தொடங்கியதும் மாற்ற ஆள் கூப்பிட்டேன். பிளக்கைப் பிடுங்கினால் ஒரு பின் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகியிருந்தது. பின்னால் வயரின் உறை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. பச்சை வயர் இருந்தது. அது எங்கே போகிறது என்று தேடிக்கொண்டே போனால், குளியலறையின் பழைய இரும்புக் குழாயில் கட்டி முடிந்திருந்தது. அந்தக் குழாயையும் யாரோ பாதியில் வெட்டி பி.வி.சி. போட்டிருக்கிறார்கள். மண்ணுக்குப் போக வேண்டிய எர்த், பிளாஸ்டிக்கில் போய் நின்றுவிட்டது. அந்த வீட்டில் எத்தனை பேர் அந்தக் குழாயைத் திறந்து குளித்திருப்பார்கள் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. பழனியிலும் திண்டுக்கல்லிலும் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்ட பழைய வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புக் கூடியது. கீசரின் காயிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சூடு வெளியேற முடியாமல் காயில் தானே கொதிக்கும். ஒருநாள் அதன் உறை விரிசல் விட்டால் கரண்ட் தண்ணீருக்குள் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் ஈரத்தரையில் நிற்கும் மனித உடம்பு வழியாகப் போகும். எம்.சி.பி. இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பலர். எம்.சி.பி. வயரைக் காப்பது, 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது அசையும். உயிர் போக அதில் ஒரு சிறு பங்கே போதும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பிய கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் டெஸ்ட் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.

பழனி மலைக்கு ரோப்கார் ஓடத் தொடங்கியது 2004இல். மாதத்தில் ஒரு நாள், வருசத்தில் ஒரு மாதம் போல, பராமரிப்புக்கென்று நிறுத்துகிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தலைக்கு மேலே ஓடும் கம்பியைப் பார்த்ததும் பயம் வருகிறது, மரியாதை வருகிறது. சுவருக்குள் ஓடும் கம்பிக்கும் அந்த மரியாதை உரியதுதான்.

மாமா வேலையை முடித்ததும் நூறு வாட் பல்பை ஹோல்டரில் மாட்டி எடுப்பார். முதலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்துக் காட்டுவார். அப்புறம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும். இரண்டிலும் ஒரே வெளிச்சம் வந்தால்தான் மெயினை விட்டு நகர்வார். மங்கலாக எரிந்தால் குழியைத் திரும்பத் தோண்டச் சொல்வார். இன்றைக்கு அதை அளக்கக் கருவி இருக்கிறது. பல்பை வைத்து நீங்கள் செய்து பார்க்காதீர்கள். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கீசர் மாற்றப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். வயர் எத்தனை ஸ்கொயர், எர்த் எங்கே போய் முடிகிறது, ஆர்.சி.சி.பி. விழுகிறதா என்று மூன்றையும் கேளுங்கள். வாயால் சொல்வது போதாது. உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு கீசரின் விலையையே தாண்டலாம். அப்படித் தாண்டினால், சின்ன கீசராக வாங்குங்கள். வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.