பதறாத காரியம் சிதறாது

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழிக்கு வகுப்பில் பொருள் எழுதி மதிப்பெண் பெற்ற நாங்கள், அதன் உண்மைப் பொருளை இவ்வாண்டு காலாண்டு விடுமுறையில்தான் கற்றோம். அந்த அனுபவத்தை அன்புத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இச்சிறு கட்டுரை.

நம் பள்ளிக் கணினி அறையின் பழைய கணினிகளை நாம் அனைவரும் அறிவோம். நினைவகம் குறைந்த அவற்றில் புதிய விண்டோஸ் ஓடாது. ஆகவே எங்கள் கணினி ஆசிரியை அவற்றில் இலேசான லினக்ஸ் வகை ஒன்றை நிறுவியிருக்கிறார். லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கியது. நாங்கள் பாடத்தில் படிக்கும் பைத்தான் மொழியோ, நெதர்லாந்து நாட்டுக் கைடோ வான் ராசம் 1989-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கியது. பிறர் பொழுதுபோக்காகச் செய்தவை உலகிற்கு இவ்வளவு பயன் தந்திருக்க, நம் விடுமுறை பள்ளிக்குச் சிறிதேனும் பயன்படலாகாதா என்று நாங்கள் நால்வரும் எண்ணினோம்.

வேலை தானே எங்களைத் தேடி வந்தது. நம் பள்ளியில் பல்லாண்டுகள் மணியடித்த ஆயாம்மா 2017-இல் ஓய்வு பெற்று, சென்ற ஜூன் மாதம் இறைவனடி சேர்ந்தார். அவருடைய மகள் அலுவலகத்திற்கு வந்து, "அம்மா படம் ஒண்ணு இருந்தா குடுங்க சிஸ்டர்" என்று கேட்டார். அலுவலகக் கணினியில் 2009 முதல் 2019 வரை எடுத்த 6,412 விழாப் படங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் பெயர்களோ வெறும் எண்கள். கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மீண்டும் 0001-இலிருந்து தொடங்கும். இரண்டு கேமராக்களின் படங்கள் வேறு. எது எந்த ஆண்டு விழா என்று யாருக்கும் தெரியவில்லை.

கேமரா தான் எடுக்கும் ஒவ்வொரு படத்திற்குள்ளும், எடுத்த நாளையும் நேரத்தையும் நொடிக்கணக்கில் பதிந்து வைக்கிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். பில்லோ என்னும் பைத்தான் நூலகத்தின் உதவியால் அதைப் படித்து, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று ஒவ்வொரு படத்திற்கும் பெயர் மாற்றும் நிரலை எழுதினோம். டிகின்டர் கொண்டு ஒரு சாளரமும் அமைத்தோம். அதில் கோப்புறையைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான், தொடங்க ஒரு பொத்தான், படங்களைச் சிறிதாகக் காட்ட ஓர் இடம்.

முதலில் எங்கள் சாளரத்தில் சிறப்பு விருந்தினர் பலர் மேடையில் பக்கவாட்டில் படுத்திருந்தனர்! கேமராவைத் திருப்பிப் பிடித்து எடுத்த படத்தைக் கேமரா திருப்புவதில்லையாம். 'இதைத் திருப்பிக் காட்டுக' என்று எக்ஸிஃபில் ஒரு குறிப்பு மட்டுமே எழுதி வைக்குமாம். அந்தக் குறிப்பைப் படிக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் அனைவரும் எழுந்து நின்றனர். எங்களுக்கு ஒரே குதூகலம். ஆசிரியையிடம் காட்டும்வரை பொறுக்காமல், அசல் படங்களின் மேலேயே நிரலை ஓட்டிவிட்டோம். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. பெயர்கள் எல்லாம் நாள்வாரியாக அழகாக அணிவகுத்து நின்றன.

ஆயாம்மாவின் பிரிவுபசார விழாவைத் திறந்தோம். காலையில் எங்களுள் ஒருத்தி பார்த்த படத்தில் ஆயாம்மா பொன்னாடையோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் படம் இல்லை. அதே இடத்தில் கண்மூடி நிற்கும் படம் ஒன்றே இருந்தது.

காரணம் பிறகே விளங்கியது. ஒரே நொடியில் தொடர்ந்து எடுத்த மூன்று படங்களுக்கும் எங்கள் நிரல் ஒரே பெயரைச் சூட்டியிருந்தது. பைத்தானின் பெயர்மாற்றுக் கட்டளை, அதே பெயரில் வேறொரு கோப்பு இருந்தால் விண்டோஸில் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸிலோ சத்தமில்லாமல் பழையதை நீக்கிப் புதியதை அங்கே வைத்துவிடும். குப்பைத்தொட்டியிலும் எதுவும் மிஞ்சாது.

"யாருக்கும் தெரியாது, விட்டுவிடுவோம்" என்று ஒருத்தி சொன்னாள். மற்ற மூவரும் மறுத்துப் பேசவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அன்றிரவு நால்வருக்கும் உறக்கமில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "எத்தனை படம் போயிற்று? எண்ணிவிட்டு வாருங்கள்" என்றார்.

எண்ணினோம். 6,371 இருந்தன. 41 படங்களைக் காணோம்.

நூலக அலமாரியில் 2014 வரையிலான படங்களின் டி.வி.டி.கள் இருந்தன. கோப்பின் பெயர் மாறினாலும் உள்ளடக்கம் மாறாதல்லவா? ஆகவே ஆசிரியையின் வழிகாட்டுதலில், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணிக்கும் 'ஷா-256' முறையைக் கையாண்டோம். டி.வி.டி.யில் இருந்து, கணினியில் இல்லாத கைரேகைகளைப் பிரித்தெடுத்ததில் 26 படங்கள் திரும்பக் கிடைத்தன. மீதி 15 கிடைக்கவில்லை.

ஆயாம்மா சிரிக்கும் படம், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக வந்து கிடந்தது. அனுப்பும்போதே அது சுருங்கிவிட்டதால் பெரிதாக்கினால் மங்கியது. அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொடுத்தோம். பெரிய படம் எங்கள் தவறால் போயிற்று என்று அந்த அக்காவிடமும் சொன்னோம். அவர் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா சிரிக்கிறாங்க, இது போதும்மா" என்றார். எங்களுக்குத்தான் போதவில்லை.

நிரலைப் புதிதாக எழுதினோம். இப்போது அது அசலைத் தொடாமல் நகல் எடுத்து, நகலுக்கே பெயரிடுகிறது. அப்பெயர் ஏற்கெனவே இருந்தால் இறுதியில் 1, 2 என்று எண் சேர்க்கிறது. செய்யப்போவதை முதலில் பட்டியலாகக் காட்டி, நாம் சரி என்ற பிறகே தொடங்குகிறது. முடிந்ததும் முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடுகிறது. எழுதிய வரிகள் என்னவோ சிலதான். அவற்றை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

கணினி நிரலாக்கத்தில் தேர்ந்த சிறுவன் கார்லோ அக்குதிஸ், 15 வயதில் 2006-இல் மறைந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். நற்கருணைப் புதுமைகளைப் பொறுமையாகத் தொகுத்து, இணையத்தில் காட்சிக்கு வைத்தவர் அவர். அவருடைய படத்தைக் கணினி அறையில் மாட்டியிருக்கிறோம். அதன் கீழே எங்கள் கையெழுத்தில் ஓர் அட்டையும் உண்டு: "முதலில் நகல் எடு."

முன்னாள் மாணவியரே, பெற்றோரே! 2015 முதல் 2019 வரையிலான நம் பள்ளி விழாப் படங்கள் உங்களிடம் இருந்தால், அருள்கூர்ந்து பள்ளி அலுவலகத்தில் ஒரு பிரதி தாருங்கள். அந்தப் 15 படங்களுள் ஒன்றேனும் கிடைத்தால் நாங்கள் பெரிதும் மகிழ்வோம்.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர் நால்வர்