ஒட்டிய விலை

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஓக்லஹோமாவின் செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. அடிப்படை விலை, கூடுதல் வசதிகளின் விலை, ஏற்றுக்கூலி, மொத்தம் ஆகிய எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். வாங்குகிறவர் ஏமாறலாகாது என்பதே நோக்கம். ஆனால் அந்த விலைக்கு முன்னால் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: 'பரிந்துரைக்கப்பட்ட'. அந்தப் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் விற்பனையாளரின் விருப்பம்.

இந்த ஒற்றைச் சொல்லின் எடையை நாங்கள் அறிந்தது 2017இல், டாலஸ் நகருக்கு அருகில் ஒரு கார்க் கடையில். ஹோண்டா சிவிக் டைப் ஆர் அமெரிக்காவுக்கு முதன்முதலாக வந்த ஆண்டு அது. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்யப்பட்டது, 306 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர்கள் மட்டுமே. எங்கள் இருவருக்கும் அதன்மேல் வந்த ஆசைக்குத் தர்க்கம் எதுவும் கிடையாது. தாளில் 34,775 டாலர் என்றிருந்தது. அதன் பக்கத்தில் கடைக்காரர்கள் தாங்களே அடித்து ஒட்டிய இரண்டாவது தாள்: 'சந்தைச் சரிக்கட்டல் 8,000 டாலர்'.

நியாயமா என்று கேட்டோம். விற்பனையாளர் கோபப்படவில்லை. "இந்த மாதம் எங்களுக்கு வந்தது ஒன்றே ஒன்று. அச்சிட்ட விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறவர் நாளைக்கே கூடுதலுக்கு விற்றுவிடுவார். அந்த லாபம் அவருக்குப் போவதற்கு எங்களுக்கு வந்தால் என்ன?" என்றார். மறுத்துப் பேச எங்களிடம் ஒன்றுமில்லை. மேல்தொகைக்குக் கடன் கிடைக்கவில்லை, சேமிப்பிலிருந்து எடுத்தோம். டெக்சாஸின் 6.25 சதவீத விற்பனை வரி அந்த மேல்தொகைக்கும் உண்டு என்பதால் இன்னுமொரு 500 டாலர். எங்கள் நண்பர் ஒருவர் பக்கத்து மாநிலக் கடைகளுக்கெல்லாம் தொலைபேசியில் பேசி, ஏழு மாதம் பொறுத்து, அதே காரை அச்சிட்ட விலைக்கே வாங்கினார். நாங்கள் கொடுத்தது காருக்கான விலையன்று, அந்த ஏழு மாதத்துக்கான விலை என்று பிறகு புரிந்தது.

அன்றிரவு திருச்சியிலிருந்து அப்பா கேட்டார்: "எவ்வளவு ஆச்சு?"

முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம் என்றோம்.

அப்பா 1978இல் முன்பணம் கட்டிப் பதிவு செய்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் 1984இல்தான் கைக்கு வந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே உரிமம் வாங்க வேண்டியிருந்த காலம். பத்தாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த வாரமே தெருவில் ஒருவர் பாதி விலையை மேலே வைத்துக் கொடுக்க வந்தார். பிரீமியம் என்பார்கள் அதை. அப்பாவின் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. "எனக்கு வேணும்னுதானே எழுதிப்போட்டேன், விக்கறதுக்கா?" என்று அனுப்பிவிட்டார். டாலஸ் விற்பனையாளர் சொன்னதும் இதே கணக்குத்தான். பொருளுக்கு எழுதிய விலையைவிட அதன்மேல் உள்ள ஆசை பெரிதாக இருந்தால், நடுவில் ஒரு தொகை பிறந்துவிடுகிறது. அது யார் பைக்குப் போகிறது, மேசைக்கு மேலா கீழா என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. அந்தத் தொகையைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள் என்பது விற்பனையாளரின் கணக்கில் இல்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தும் நாங்கள் அதைச் சொல்லவில்லை.

2019 கோடையில் அப்பா வந்தார். முன்னிருக்கையில் அமர்ந்து, டேஷ்போர்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "ஒட்டின விலைக்கே குடுக்கறான் பாரு" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. நாங்கள் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2021இல் சில்லுத் தட்டுப்பாட்டால் சாதாரணக் கார்கள்கூட அச்சிட்ட விலைக்கு மேல் விற்றன. செய்தித்தாளில் படித்துவிட்டு அப்பா அழைத்தார். "நல்லவேளை, நீங்க முன்னாடியே வாங்கிட்டீங்க. இல்லாட்டி மேல குடுத்திருக்கணும்." ஆமாம் என்றோம். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. எட்டாயிரம் டாலரைச் சேர்த்துவிட்டோம். அந்த 'ஆமாம்' மட்டும் இன்னும் அடைபடாத கடனாக இருக்கிறது.

அச்சிட்ட தாள் இன்றும் காரில்தான் இருக்கிறது. கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டாவது தாளைக் கிழித்தெறிந்தது எங்களில் யார் என்பதை மட்டும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.