மூலனூர்ப் பக்கம், ஒரு கண்வலிக் காட்டில்

கண்வலிக்கிழங்கு விதையின் விலை மறுபடியும் சரிந்துவிட்டதாகச் செய்தித்தாளின் மூலையில் நாலு வரி வந்திருந்தது. தாராபுரத்து நண்பரை அழைத்து விசாரித்தேன். "வெலையப் போன்ல கேட்டு என்னங்க பண்ணப் போறீங்க? பூ இருக்கறப்பவே வாங்க. நேரமே வரோணும், வெயில் ஏறிடுச்சுன்னா ஆளுக கெளம்பிடுவாங்க" என்றார்.

ஐப்பசியில் போனேன். மூலனூரைத் தாண்டினால் செம்மண், பனை, கிளுவை வேலி. வேலிக்கு உள்ளே வரிசை வரிசையாகக் கம்பி இழுத்துக் கட்டி, கொடியை ஏற்றியிருந்தார்கள். அங்கங்கே கம்பிக்குத் துணையாக முள்கிளுவைப் போத்தும் நட்டிருந்தது. இந்தக் கொடிக்கு இலையேதான் கை. இலை நுனி நீண்டு, சுருண்டு, அகப்பட்டதைச் சுற்றிக்கொள்கிறது. ஒரு சுருளைப் பிரிக்கப் பார்த்தேன். "கொழுந்து மேல கை படாதுங்க, அது ஒடிஞ்சா இந்த வருசத்துக்கு அந்தக் கெழங்கு அவ்வளவுதான்" என்று ஒரு குரல் தடுத்தது.

குரலுக்குரிய அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. வெடியால ஏழு மணிக்கே வந்துவிட்டார். சோலி என்னவென்று கேட்டதற்கு, "பூவைத் தொட்டு உடறதுதானுங்க" என்றார். ஒரு பூவைக் காட்டினார். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி வளைந்து நின்றன. மகரந்தத் தாள்கள் ஆறும் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. சூல் தண்டோ அடியிலேயே மடங்கி, ஒருபக்கமாகத் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்த அமைப்பில் தாது தானாக அங்கே போய்ச் சேருவது அரிது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய்ப்பு குறைந்துவிடும். அதனால் அக்கா ஒரு பூவின் தாளைக் கிள்ளி, அடுத்த கொடியின் பூவில், நீட்டி நிற்கும் அந்தத் தண்டின் நுனியில் மெல்லத் தேய்க்கிறார். விரலெல்லாம் மஞ்சள் பொடி. ஒரு நொடி வேலை. அடுத்த பூ. அடுத்தது. "மஞ்சளா இருக்கறப்பவே தொட்டரோணும். முழுசாச் செவந்துட்டா அவ்வளவாப் புடிக்காது." மழை பெய்தால் அன்றைய பாடு வீண்.

வீட்டுக்காரர் தறி ஓட்டியவர். காது மந்தமாகி வீட்டோடு இருக்கிறார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தறிக்கும் பனியனுக்கும் போகாமல் ஏன் இந்த வேலை என்றேன். "அங்கெல்லாம் கண்ணு நல்லாத் தெரியோணும். இதுக்கு வெரலு தெரிஞ்சாப் போதும்" என்று சிரித்தார். டீ வந்தபோது சோப்புப் போட்டு இருமுறை கை கழுவினார். கிழங்கிலிருந்து விதை வரை எல்லாம் நஞ்சு.

உரம், மருந்து என்று தோட்டக்காரர் நிறையவே சொன்னார். பாதி எனக்குப் பிடிபடவில்லை. கிழங்கழுகல்தான் பெரிய பயம், தண்ணீர் தேங்கவே கூடாது என்பது மட்டும் மனதில் நின்றது. ஆடியில் நட்டால் 160 முதல் 180 நாளில் காய் முற்றும். பறித்து, நிழலில் உலர்த்தி, உடைத்து விதை எடுக்க வேண்டும். நடுகிற கிழங்கு ஒவ்வொன்றும் குறைந்தது 50, 60 கிராமாவது இருக்க வேண்டும். அந்த விதைக்கிழங்குதான் செலவிலேயே பெரிய செலவு. பலர் அதற்குக் கடன் வாங்குகிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் விதையில் இருக்கும் கோல்சிசின். கீல்வாதத்துக்கு உலகமெங்கும் கொடுக்கும் மருந்து. குறைந்த அளவில் கொடுத்தால் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் இதற்கு அனுமதி தந்தது. மருந்தின் தேவை இப்படி இருக்க, காட்டில் விலை விழுவானேன்? தையில் வியாபாரி வருகிறார். கலர் பத்தலை என்கிறார், ஈரம் இருக்கு என்கிறார், வெளிநாட்டில் கேட்பாரில்லை என்கிறார். வெளிநாட்டில் கேட்டார்களா இல்லையா என்று பார்த்துவர இவர்களுக்கு வழி ஏது? மாநில மலர் என்று செங்காந்தளின் படத்தைப் பாடப்புத்தகத்தில் போடும் அரசு, அதே கொடியின் விதைக்கு ஓர் ஆதார விலை சொல்லிக் கொள்முதல் செய்யக் கூடாதா? விவசாயிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். விலை விழும் வருடம் தோட்டக்காரர் முதலில் குறைப்பது பூத் தொடும் ஆட்களைத்தான். ஆள் குறைந்தால் காய் குறைகிறது, மறு வருடம் கடன் ஏறுகிறது. வியாபாரியின் கணக்கில் மட்டும் எதுவும் குறைவதில்லை.

தோட்டக்காரர் வீட்டில், கட்டிலுக்கு அடியில் போன வருட விதை மூட்டையாகக் கிடந்தது. விலை ஏறும் என்று வைத்தாராம். இப்போது பழைய விதை என்று இன்னும் குறைத்துக் கேட்கிறார்களாம். அப்புறம் எதற்கு அடுத்த வருடமும் இதே வெள்ளாமை என்றேன்.

"நான் எங்கீங்க வெக்கறேன்? கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்குது. கடனும் அது மேலதான் கெடக்குது. ஆடி மழைக்கு அது பாட்டுக்கு மொளைச்சுக்கும். மொளைச்சதைப் புடுங்கி எறியச் சொல்றீங்களா?"