மூட்டு வலியும் ஐந்து கிலோ டம்பெல்லும்

"ஏம்மா, இந்த வயசில் உனக்கு எதுக்குப் பயில்வான் வேலை? முழங்காலை உடைச்சுக்கிட்டு உட்காரப் போறே!"

என் மாமியார் இப்படிச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மார்கழி மாதத்தின் நடுவில் ஒரு நாள், வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது வலது முழங்காலில் சுருக்கென்று ஒரு வலி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வலியைவிட, உள்ளே போய் அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது!

எனக்கு வயது 52. டம்பெல் தூக்குவது ஆசைப்பட்டு ஆரம்பித்த வேலை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொண்டபோது, "மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் பலம் வேகமாகக் குறையும். பாலும் கேழ்வரகும் மட்டும் போதாது. எடை தூக்கிப் பழகுங்கள்" என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பெரியவர்கள் வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றே இருக்கிறது. மகள் 2 கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். முதலில் எனக்கே சிரிப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் எதைத்தான் தூக்கவில்லை? 25 கிலோ அரிசி மூட்டையை நகர்த்துகிறோம். நிறைந்த காஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதையெல்லாம் முறையில்லாமல் தூக்குகிறோம். டம்பெல்லை முறையோடு தூக்குகிறோம், அவ்வளவுதான்.

வலி வந்ததும் டம்பெல்லைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தைலம், வெந்நீர்ப் பை, ஓய்வு. ஆறு வாரம் ஓடியது. உட்கார்ந்திருந்தால் வலியே தெரியவில்லை. 'சரியாகிவிட்டது' என்றுகூட நினைத்தேன்.

தை மாதக் கடைசியில் மகள் பேரனோடு வந்தாள். ஒன்பது மாதக் குழந்தை, 9 கிலோ கனம். தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். குனிந்து அவனைத் தூக்கி நிமிரப் பார்த்தேன். முடியவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று ஓடி வந்தாள் மகள்.

"வலி இல்லைடி, பலம்தான் இல்லை" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் அம்மாவின் ஞாபகம். அவளுக்கு 58 வயதில் லேசாகத்தான் மூட்டு வலி ஆரம்பித்தது. "மாடி ஏறாதே, குனியாதே, பேசாமல் உட்கார்" என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான். அன்போடுதான் சொன்னோம். வடாம் பிழிந்து காயப்போடுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் அந்த மொட்டை மாடி போயிற்று. அப்புறம் கோயில். அப்புறம் வாசல். கடைசி மூன்று வருஷம் கட்டிலும் ஜன்னலுமே உலகம். அவளை முடக்கியது வலியா, நாங்கள் கொடுத்த ஓய்வா?

மறுநாளே பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போனேன். என் மகள் வயதுப் பெண். முழங்காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "வலி ஆரம்பிச்ச வாரம் புதுசா என்னென்ன செஞ்சீங்க ஆன்ட்டி?"

விரல் விட்டு எண்ணினேன். மார்கழி என்று தினமும் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பெரிய கோலம். பொங்கலுக்காகப் பரண் ஒழித்து ஏணியில் ஏறி இறங்கியது. அதே வாரம் 3 கிலோவிலிருந்து நேராக 5 கிலோவுக்குத் தாவி, அதைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை முழுசாகக் குந்தி எழுந்தது.

"டம்பெல் மேல பழி போடாதீங்க. முழங்கால் வேலைக்குப் பயப்படாது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தா அதுக்குத் தாங்காது" என்றார்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். படி இறங்கும்போது நம் உடல் எடையைப் போலச் சுமார் மூன்று மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. அதைத் தாங்கிக் கொடுப்பவை தொடை, பிட்டம், கெண்டைக்கால் தசைகள். அவை தளர்ந்தால் பாரம் மூட்டின் மேல் விழும். மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அழுத்தி விடுவதுபோல, அசைவினால்தான் அதற்குப் போஷாக்கு போகிறது. ஓய்வு சில நாளைக்கு மருந்து. மாதக் கணக்கில் நீண்டால் அதுவே நோய்.

அவர் சொல்லி நான் கடைப்பிடித்தவை இவை:

வலிக்கு மார்க் போடுங்கள். பத்துக்கு மூன்று வரை இருந்தால் பயிற்சியைத் தொடரலாம். ஐந்தைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அடுத்த முறை சுமையைக் குறைக்க வேண்டும். நான் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்த மார்க்கையும் எழுதி வந்தேன்.

முழுசாகக் குந்தாமல் நாற்காலி வரைக்கும் போதும். கையை ஊன்றாமல், மூன்று எண்ணியபடி மெதுவாக உட்கார்ந்து எழ வேண்டும். எட்டு முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு; பிறகு 2 கிலோவை மார்போடு அணைத்துக்கொண்டு.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி இறக்குவது பிட்டத் தசைக்கு நல்லது. கை, தோள் பயிற்சிகளுக்கு முழங்கால் குறுக்கே நிற்கவில்லை. அவற்றை ஒரு நாளும் விட வேண்டாம்.

கூட்டும்போது ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எடையையோ, எண்ணிக்கையையோ. பெரிய வேலை இருக்கும் வாரத்தில் இரண்டையும் கூட்ட வேண்டாம். கோலத்துக்கு ஒரு குட்டி ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களே, குழந்தையைத் தூக்குவதும் எடைப் பயிற்சிதான். ஒரு காலை முன்னே வைத்து, குழந்தையை உடம்போடு சேர்த்து அணைத்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். பிரசவம் ஆகிச் சில மாதங்களே ஆகியிருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு டம்பெல்லைத் தொடுங்கள்.

முழங்கால் வீங்கினாலும், சூடாகிச் சிவந்தாலும், நடுவில் பூட்டிக்கொண்டாலும், காலை ஊன்ற முடியாமல் போனாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

இப்போது சித்திரை. 5 கிலோ டம்பெல் மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில காலைகளில் ஒரு மார்க், இரண்டு மார்க் உண்டு. ஆனால் போன வாரம் ஜவ்வரிசிக் கூழைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், அம்மா பிழிவது போலவே வரிசையாக வடாம் பிழிந்துவிட்டு வந்தேன். இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா, மெதுவா" என்று கீழே நின்றுகொண்டிருந்தார் அத்தை. நான் கடைசிப் படியில் கால் வைத்ததும், யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏம்மா, அந்த நாற்காலிப் பயிற்சி எனக்கும் ஆகுமா?"

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிச்சிடலாம் அத்தை" என்றேன். மறுநாளே கேட்டுவிட்டு வந்து, நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டேன்.