விடுப்பில் எடுத்த படங்கள்

அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். பிரிவு உபசார விழா என்றால் கேமராவோடு வந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோட்டை, குளம் என்று கிளம்பிவிடுவார். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. "வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமே" என்று நண்பர்கள் கேட்டால் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்புக்குள் வீட்டுக் கடன் முதல் மகளின் கல்லூரிக் கட்டணம் வரை எல்லாம் இருக்கும்.

இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதல்ல. லாலா தீன் தயாள் 1844-ல் மீரட் அருகே சர்தனாவில் பிறந்தவர். ரூர்க்கி தாமசன் கல்லூரியில் பொறியியல் படித்து, 1866-ல் இந்தூர் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவதும் செலவை மதிப்பிடுவதும்தான் வேலை. கேமரா அவர் கைக்கு வந்தது 1870-களில், பொழுதுபோக்காக.

பொழுதுபோக்கு என்று இன்று சொல்லிவிடலாம். அன்று கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, பக்கத்திலேயே போட்ட இருட்டுக் கூடாரத்தில் வைத்துக் கழுவ வேண்டும். மத்திய இந்திய வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தாங்கும்? பெரிய படம் வேண்டுமானால் அதே அளவுக்குப் பெரிய கண்ணாடி வேண்டும். அதைச் சுமக்க வண்டியும் ஆளும் வேண்டும். 1870-களின் இறுதியில் உலர் தகடுகள் விற்பனைக்கு வந்த பிறகுதான் அமெச்சூர்கள் மூச்சுவிட்டார்கள்.

இந்தூர் மகாராஜா ஹோல்கரும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஊக்கம் கொடுத்தார்கள். 1880-களின் தொடக்கத்தில் சர் லெப்பல் கிரிஃபின் தன் சுற்றுப்பயணங்களுக்கு அவரைக் கூட்டிச் சென்றார். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டும் தீன் தயாள் சுற்றினார். குவாலியர், கஜுராஹோ, சாஞ்சி என்று அவர் எடுத்த படங்களோடு கிரிஃபினின் புத்தகம் 1886-ல் வெளியானது. அந்தப் படங்களில் வரைபடம் போடுகிறவரின் கை தெரிகிறது. தூண்கள் சாயாமல் நிற்கின்றன. சிலவற்றில், கட்டடத்தின் உயரம் புரியட்டும் என்பதைப்போல ஒரு மனிதர் நிற்கிறார். எந்தக் கலைப்பள்ளியும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்காது. பொதுப்பணித் துறை சொல்லிக்கொடுத்தது.

1880-களின் நடுவில், நாற்பதைத் தாண்டிய வயதில், சர்க்கார் உத்தியோகத்தை விட்டார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ, ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் பதவி, பிறகு பம்பாயில் இன்னொரு ஸ்டூடியோ. கையெழுத்தைப்போலத் திருத்தமான படங்கள்தான் அப்போதும். ஆனால் தர்பார், வேட்டையில் விழுந்த புலி, வைஸ்ராயின் விருந்தினர்கள் என எல்லாம் யாரோ கேட்டு எடுத்தவை. பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துவது என்னவோ கோட்டைகளும் கோபுரங்களும்தான். அவற்றை எடுத்தபோது மாதம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அதற்காக, அவர் வேலையிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. 1892-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்தார். அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பர்தாவுக்குள் இருந்த பெண்கள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் அங்கே வந்து உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ள முடிந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு செய்கிற காரியமல்ல அது.